2015 ஜனவரி 9க்குப் பிறகு கரையேறியவர்கள்: உள்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய உள்துறை அமைச்சகத்தில் வெளிநாட்டவர் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிகள், புது தில்லி
நகல்: தமிழ்நாடு அரசில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வைக் கவனிக்கும் அதிகாரிகள், சென்னை

ஐயா, அம்மையீர்,

2025 செப்டம்பர் 1 அன்று நீங்கள் வெளியிட்ட விலக்கு ஆணையைப் பற்றி எழுதுகிறேன். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் வந்த ஆணை அது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் இருப்பவர்களில் யாரையெல்லாம் தண்டிக்காமல் விடலாம் என்று அதில் வகை பிரித்திருக்கிறீர்கள். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த சிறுபான்மையினர் என்றால் 2024 டிசம்பர் 31 வரை வந்திருக்கலாம். பதிவு பெற்ற இலங்கைத் தமிழர் என்றால் 2015 ஜனவரி 9க்குள் வந்திருக்க வேண்டும்.

ஒரே ஆணை, இரண்டு கெடு, இடையில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் இலங்கையிலிருந்து வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்களோடுதான் என் வேலை.

நான் இந்தக் கடற்கரையில் பிறந்தவள். அகதிகளுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். இந்த மடலில் உள்ளவை என் சொந்தக் கருத்துகள். நிறுவனத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். வந்தவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வது, அவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மறைக்காமல் சொல்வது, அடி வாங்கும் பெண்ணுக்கு அன்றிரவு படுக்க ஓர் இடம் தேடுவது, படிப்பை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்கு நடையாய் நடப்பது, பிறகு அத்தனையையும் மனுக்களாக்கி உங்களைப் போன்றவர்களுக்கு அனுப்புவது: இவைதான் என் அன்றாடம். ரகசியம் காப்பது இந்த வேலையின் முதல் விதி. ஆகவே கீழே வருபவர்களின் பெயர், வயது, ஊர் எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆதாரம் இல்லாமல் பேசுகிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் ஒப்புதல் தந்தால் நேரில் அழைத்து வந்து உங்கள் முன் உட்காரவைக்கிறேன்.

முதலில் அவர்கள் வந்த விதம். 2022 மார்ச் 22 அன்று தொடங்கியது இந்தப் புதிய வருகை. அன்று வந்த முதல் குடும்பத்தையே கடலோரக் காவல் படை ஒரு மணல் திட்டிலிருந்துதான் மீட்டது. மன்னார்ப் பக்கத்திலிருந்து இரவில் ஃபைபர் படகில் ஏற்றுகிறார்கள். நம் ரோந்துக்குப் பயந்து படகுக்காரர் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைவரை வருவதில்லை. இடையில் இருக்கும் தீடைகளில், அதாவது மணல் திட்டுகளில், ஒன்றில் இறக்கிவிட்டு, “முழங்கால் தண்ணீர்தான், நடந்தால் இந்தியா” என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிவிடுகிறார். விடிந்த பிறகுதான் தெரிகிறது, சுற்றிலும் கடல், நடக்க வழியில்லை என்று. தீடையில் மரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. மீன்பிடிக்கப் போகும் நம் ஆட்கள் யாராவது பார்த்துத் தகவல் சொன்னால், மண்டபத்திலிருந்து ஹோவர்கிராஃப்ட் போகும். அதன் பிறகு மெரைன் போலீஸ் விசாரணை, அதன் பிறகு மண்டபம் அகதிகள் முகாம்.

மாநில அரசு இவர்களைத் திருப்பித் துரத்தவில்லை. தலைக்கு மேல் கூரை கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தவறியவள் ஆவேன். ஆனால் அகதியாகப் பதிவு என்று வந்தவுடன் எல்லா மேசைகளிலும் ஒரே பதில்தான்: தில்லி சொல்ல வேண்டும். 2021இல் மாநில அரசு உயர்த்திய உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அது பதிவு உள்ளவர்களுக்கான உரிமை. பதிவில்லாதவருக்குக் கிடைக்கும் எதுவும் உரிமை அல்ல, அவ்வப்போது பார்த்துச் செய்யப்படும் ஏற்பாடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்களானால், முதலாவது கிடைக்காவிட்டால் மனு எழுதலாம். இரண்டாவது கிடைக்காவிட்டால் யாரிடம் எதைக் காட்டி எழுதுவது?

ஒரு சம்பவம். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயை இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவர் கொண்டுவந்த ஒரே காகிதம் குழந்தையின் தடுப்பூசிப் பதிவேடு. இரண்டு பாலிதீன் பைகளுக்குள் வைத்து, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு கடலைக் கடந்திருக்கிறார். அப்படியும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் ஓரங்கள் ஊறி, இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. செவிலியர் அவற்றை நகத்தால் மெல்லப் பிரித்தார். அங்கே போட்ட ஊசிகளை ஒவ்வொன்றாக நம் அட்டவணையோடு ஒப்பிட்டார். விடுபட்டதைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு உரியதைப் போட்டார், அடுத்து வர வேண்டிய நாளை அதே பதிவேட்டின் கீழே எழுதிக் கொடுத்தார். குழந்தை பிறந்த தேதியைக் கேட்டார். நாட்டுக்குள் வந்த தேதியைக் கேட்கவில்லை.

அதே தாயின் கணவர் ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். அடையாள அட்டை எங்கே என்றார்கள். இலங்கை அட்டையை நீட்டினார். கடவுச்சீட்டு எங்கே என்றார்கள். முகாமில் இருக்கிறேன் என்றார். முகாம் அட்டை எங்கே என்றார்கள். வங்கிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருக்கும் விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு மனிதர் இல்லை. கணக்கு இல்லை என்றால் கூலி கையில்தான் வரும். கையில் வரும் கூலி, கொடுப்பவர் மனம்போல வரும்.

முகாம் ஆண்களில் பலருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைதான் பிழைப்பு. பதிவுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தூரிகை, ஒரே சாரம், ஒரே உயரம். சம்பளம் மட்டும் ஒன்றல்ல. வங்கிக்குப் போன அந்த மனிதருக்கு மேஸ்திரி பாதிக் கூலி கொடுத்தார். மீதியைக் கேட்டபோது மேஸ்திரி சொன்னது: “போலீஸுக்கு ஒரு போன் போடவா? அஞ்சு வருஷமாம், அஞ்சு லட்சமாம், தெரியுமா?” புதிய சட்டத்தின் 21ஆவது பிரிவைத்தான் அவர் சொன்னார். கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பிரிவை நீங்கள் இவர் மீது பயன்படுத்தவில்லை. மேஸ்திரி பயன்படுத்துகிறார். வீட்டு வாடகை பேசுபவர் பயன்படுத்துகிறார். வேறொரு வீட்டில் மனைவியை அடிக்கும் கணவன்கூடப் பயன்படுத்துகிறான்: “புகார் கொடு, இரண்டு பேருமே உள்ளே போவோம்.” குடும்ப வன்முறைச் சட்டம் 2005 எந்தப் பெண்ணிடமும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், அந்த ஒரு மிரட்டலின் முன் என் சட்ட அறிவு செல்லுபடியாவதில்லை. நீங்கள் எழுதிய விலக்கு இந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விட்டது என்பது அவள் கணவனுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

இனி 2015 ஜனவரி 9க்கு வருகிறேன். அன்றுதான் மைத்திரிபால சிறிசேன கொழும்பில் அதிபராகப் பதவியேற்றார். ஆட்சி மாறிவிட்டது, இனி அங்கிருந்து யாரும் ஓடி வரத் தேவையில்லை என்ற கணக்கில் அந்த நாள் குறிக்கப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானபோது அந்தக் கணக்கு தீர்ந்துபோயிருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிக்கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தபோதாவது யாராவது அந்தத் தேதியைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் அதிபரே நாட்டை விட்டு ஓடினார். அவர் விமானத்தில் போனார். எங்களிடம் வந்தவர்கள் படகில் வந்தார்கள்.

“இவர்கள் பசிக்காக வந்தவர்கள், அகதிகள் அல்ல” என்று ஒரு வாதம் இருக்கிறது. தில்லியில் மட்டுமல்ல, ராமேஸ்வரத்து டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து கேளுங்கள். பால்மா (பால் பவுடர்) விலையில் தொடங்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் 2009இல் இறுதிப் போரின்போது கைவிட்டு வந்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து, திரும்பிப் போனபோது வேலி போட்டு மறித்திருந்த காணிக்குப் போகும். அங்கிருந்து, காணாமல் போய் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லாத அண்ணனுக்கோ மகனுக்கோ போகும். காணி இல்லாததால் நுண்கடன், நுண்கடன் கட்டாததால் வீட்டு வாசலில் வந்து உட்காரும் வசூல்காரர், அவரிடமிருந்து தப்ப இன்னொரு நுண்கடன். வட இலங்கையின் வன்னிப் பெண்கள் பலருக்கு இது பல ஆண்டுக் கதை. இதில் எது பசி, எது போர் என்று பிரித்துக்காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுத்தான் பிரிக்க முடியும். கேட்காமலே எல்லோரையும் ஒரு தேதியை வைத்து வெளியே தள்ளுவது விசாரணை ஆகாது.

கூட்டம் பெருகிவிடும் என்பது இன்னொரு வாதம். 1983 முதல் 1987 வரை இந்தக் கரைக்கு வந்தவர்கள் 1,34,053 பேர். 2022க்குப் பிறகு வந்தவர்கள் சில நூறு பேர். அன்று தாங்கிய நாடு இன்று இதைத் தாங்காதா? பாதுகாப்பு பற்றிய கவலை உங்களுக்கு இருப்பது முறைதான், எனக்கும் உண்டு. ஆனால் பெயரும் படமும் விரல் ரேகையும் பதிவில் இருப்பவரைக் கண்காணிப்பது எளிதா, எந்தப் பதிவிலும் இல்லாமல் ஒரு நாள் இரவு படகேறிக் காணாமல் போகிறவரைக் கண்காணிப்பது எளிதா?

படகேறிப் போகிறார்கள் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. காத்திருந்து அலுத்தவர்கள் திரும்பிப் போக நினைக்கிறார்கள். சட்டப்படி போக முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பயணச் சான்று வாங்க வேண்டும், அதற்குச் சென்னை போக அனுமதி வேண்டும், வெளியேற அனுமதி வேண்டும், அனுமதியின்றி நுழைந்ததற்கான தண்டனை என்ன ஆகும் என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகம் மாறிவிடும். பிறகு ஒரு நாள் அந்தக் குடும்பத்தின் அறை காலியாக இருக்கும். நகையை விற்று வந்தவர்கள் கடன் வாங்கித் திரும்புகிறார்கள், அதே தீடைகளைத் தாண்டி. அங்கே போனாலும் அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக வெளியேறாத குற்றத்துக்கு இலங்கைச் சட்டம் காத்திருக்கிறது. முறைப்படி விமானத்தில் திரும்பிய முதியவர் ஒருவரையே யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்த செய்தி 2025இல் வந்தது. சட்டப்படி வர வழியில்லை, சட்டப்படி இருக்க வழியில்லை, சட்டப்படி போகவும் வழியில்லை.

நம் மீனவர்கள் எல்லை தாண்டியதாகச் சொல்லி அந்தப் பக்கம் பிடிபட்டால், இந்தக் கடற்கரை முழுதும் கேட்பது என்ன? தூதரக அதிகாரி போய்ப் பார்த்தாரா, வழக்கறிஞர் வைத்தார்களா, வீட்டுக்குப் பேசவிட்டார்களா. அந்தக் கேள்விகளை எழுப்பும் உரிமை நமக்கு இருக்கிறது என்றால், இங்கே வந்தவருக்கும் அதே அளவு பதில் சொல்லும் கடமையும் நமக்கு இருக்கிறது.

1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது எனக்குத் தெரியும், அதை நினைவூட்டிப் பதில் எழுத வேண்டாம். உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் 21ஆவது உறுப்பு குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அகதிகளாக வந்த சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். அதே நீதிமன்றம் 2025 மே மாதம், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொன்னதையும் அறிவேன். அது தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. அதோடு வாதாட நான் வரவில்லை. ராமேஸ்வரத்துக்கு வரும் வழியெல்லாம் இராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் சத்திரம் கட்டிவைத்த சீமை இது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது, மிச்சப்பட்டு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட ஊர்களும் இவைதான்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேதிகள் அவர்களைத்தான் அதிகம் உரசுகின்றன. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது அந்த அடிப்படையில்தான். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களோ, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால்கூடக் குடியுரிமைக்கு வெளியே. 2022இல் வந்த தம்பதிக்கு இங்கே பிறக்கும் குழந்தையை இலங்கைத் தூதரகத்தில் பதிந்தால்தான் அதற்கு ஒரு நாடு உண்டு. பதியப் பெற்றோரின் காகிதங்கள் வேண்டும். அந்தக் காகிதங்கள் பல நேரம் கடலில் போயிருக்கும், அல்லது அங்கேயே ஒரு பெட்டியில் இருக்கும். இப்படி எந்த நாட்டின் பதிவிலும் ஏறாத பிள்ளைகள் இந்தக் கடற்கரையில் உருவாகிக்கொண்டிருக்கிறார்கள், நம் கண்ணெதிரே.

ஆகவே நான் கேட்பவை இவை.

விலக்கு ஆணையில் இலங்கைத் தமிழர்களுக்கான 2015 ஜனவரி 9 என்பதை, மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல 2024 டிசம்பர் 31 என்று திருத்துங்கள். ‘பதிவு பெற்ற’ என்ற நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றினால் பயனில்லை. முகாமில் தங்கவைக்கப்பட்டுள்ள ஒவ்வொருவரையும் பதிவு செய்யும்படி மாநில அரசுக்கு அதே ஆணையிலேயே எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுங்கள்.

திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை ஒவ்வொருவர் கையிலும் படத்தோடும் முத்திரையோடும் ஓர் இடைக்காலச் சான்று இருக்கட்டும். இன்னார், இன்ன நாளில் கரையேறினார், அரசின் அறிவோடு இங்கே தங்கியிருக்கிறார் என்ற மூன்று வரி போதும். வங்கிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதை ஏற்கும்படி சுற்றறிக்கை அனுப்புங்கள்.

தாமாகவே காவல் துறையிடம் வந்தவர்கள், கடலில் மீட்கப்பட்டவர்கள், முகாமில் வைக்கப்பட்டவர்கள் ஆகியோர் மீது குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். போட்ட வழக்குகள் இருந்தால் திரும்பப் பெறுங்கள். கூலி, வன்முறை தொடர்பான புகாரோடு காவல் நிலையத்துக்கு வருபவரிடம் நுழைந்த விதத்தைக் கேட்டு விசாரணையைத் திசை திருப்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

யாருக்காவது பாதுகாப்பு மறுக்கப்பட வேண்டும் என்று நீங்கள் கருதினால், அவரைத் தனியே கேளுங்கள். பெண்களிடம் பெண் அதிகாரி கேட்கட்டும். மறுப்பதன் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் கிடைக்கட்டும்.

இலங்கைத் துணைத் தூதரக அதிகாரிகளை மண்டபத்துக்கே வரவழைத்துக் குழந்தைகளின் பதிவை முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அபராதம் இன்றி வெளியேறும் அனுமதி கொடுங்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டீர்களே, அதில் அவர்களுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக் கொடுங்கள். இறங்கியதும் கைது செய்ய மாட்டோம் என்ற உறுதியைக் கொழும்பிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தாருங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். முகாம் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், தமிழில், தேதியிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் பணிபுரியும் ஒரு பாதுகாப்பு அலுவலர்